ஒயின் திராட்சைக்கு யார் ஜாமீன்?

மளிகை சாமான் விற்கும் பெரிய கடைகளில் ஒயினும் விற்கலாம் என்று மகாராஷ்டிர மந்திரிசபை 2022 ஜனவரி 27-ம் தேதி ஒரு முடிவெடுத்தது. கடை ஆயிரம் சதுர அடிக்கு மேல் இருக்க வேண்டும். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அருகே கூடாது. மதுவிலக்கு அமலில் உள்ள மாவட்டங்களில் கூடாது. வருஷக் கட்டணம் 5,000 ரூபாய் என்றெல்லாம் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. உண்ணாவிரதம் இருக்கப் போவதாக அண்ணா ஹஜாரே அறிவித்தார். ஜனங்களின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகே மேற்கொண்டு செய்வோம் என்று சர்க்கார் பின்வாங்கியது. முடிவு செயலுக்கு வராமல் நின்றது.

ஆனால் அந்த முடிவுக்குச் சொல்லப்பட்ட காரணம் அதோடு போய்விடவில்லை. ஒயின் விற்பனை பெருகினால் திராட்சை விவசாயி பிழைப்பான் என்பதே அந்தக் காரணம். எதிர்த்தவர்கள் பண்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். ஆதரித்தவர்கள் விவசாயியைப் பற்றிப் பேசினார்கள். விவசாயிக்கு என்ன விலை, யார் தருவார்கள், எத்தனை நாளில் தருவார்கள், தராவிட்டால் யாரைக் கேட்பது என்ற நாலு கேள்விகளை இரு தரப்பிலும் யாரும் பெரிதாக எழுப்பியதாகத் தெரியவில்லை. நாம் கேட்க விரும்புவது அந்த நாலு கேள்விகளைத்தான்.

ஆபீசுக்கும் மில்லுக்கும் போய் மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு ஒயின் வியாபாரத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு மகாராஷ்டிர சர்க்கார் விட்டுக்கொடுக்கும் வரியில் நம் பங்கும் உண்டு. கல்யாண், இகத்புரி தாண்டி நாசிக் ரோடு, தேவ்லாலி பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள் திராட்சைத் தோட்டங்களைத் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள். தேனி மாவட்டத்திலிருந்து இங்கே வந்து பிழைக்கிறவர்களுக்கோ கம்பம் பள்ளத்தாக்கில் சொந்தத்திலேயே திராட்சைப் பந்தல் இருக்கும்.

முதலில் பெயரிலேயே உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. மும்பையில் மூலைக்கு மூலை 'ஒயின் ஷாப்' இருக்கிறது. 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொள்ளும் வரை தமிழ்நாட்டிலும் 'ஒயின்ஸ்' என்ற போர்டு தொங்காத ஊர் அரிது. உள்ளே விற்பதெல்லாம் பிராந்தியும் விஸ்கியும் ரம்மும்தான். ஒயின் தேடினால் பின்வரிசையில் தூசி படிந்த நாலு புட்டிகள் கிடைக்கும். ஆகையால் 'ஒயின்' என்ற சொல் நம் காதில் விழும்போது அசல் பொருள் எது என்பதே பலருக்குப் புரிவதில்லை.

அசல் பொருள் எளிமையானது. நாகர்கோவில், தூத்துக்குடி பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்கு முன்னால் பரணியில் திராட்சையையும் சர்க்கரையையும் போட்டு வாயைக் கட்டி வைப்பார்கள் அல்லவா, அதே காரியம்தான். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவிகித ஆல்கஹால் கிடைக்கும். நன்றாகப் பழுத்த ஒயின் திராட்சையின் சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். எல்லாம் புளித்து முடிந்தால் 13 சதவிகிதம். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்து இறங்குகின்றன. வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிழிந்து, எவர்சில்வர் தொட்டியில் குளிரூட்டி மெதுவாகப் புளிக்க விடுகிறார்கள். நம் நாட்டு வெயிலில் அந்தக் குளிரூட்டும் செலவு சாமானியமானதல்ல. ஒரு புட்டிக்கு ஒரு கிலோவோ, சற்றுக் கூடவோ திராட்சை பிடிக்கும்.

திராட்சையும் நாம் தள்ளுவண்டியில் வாங்குவது அல்ல. தள்ளுவண்டியில் வருவது தாம்சன் போன்ற கொட்டையில்லாத ரகம். ஒயினுக்கு வேண்டியது ஷெனின் பிளாங்க், சொவிஞான் பிளாங்க், ஷிராஸ், கேபர்னே என்ற பிரெஞ்சுப் பெயர் கொண்ட ரகங்கள். பழம் சிறிது, தோல் தடிப்பு, உள்ளே கொட்டை. தரம் வேண்டுமென்று கொடியில் விளைச்சலைக் குறைத்தே எடுக்க வேண்டும். நட்ட பிறகு உருப்படியான அறுவடைக்கு இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி தானாக உறங்கிவிடும். நாசிக்கில் அது உறங்குவதில்லை. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை ஓய்ந்து செப்டம்பர் அக்டோபரில் மறு கவாத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை என்று விவசாயி கத்தரிக்கோலைக் கொண்டே கொடிக்குக் காலம் கற்றுக்கொடுக்கிறான்.

இத்தனையும் பாடுபட்டு விளைவித்த பழத்தை அவன் யாரிடம் விற்பான்? ஒயின் ஆலையிடம் மட்டுந்தான் விற்க முடியும். தின்னும் திராட்சை என்றால் நாசிக்கில் விலை இல்லாவிட்டால் டில்லிக்கு அனுப்பலாம், பாட்னாவுக்கு அனுப்பலாம், துபாய்க்கு அனுப்பலாம். 2020 ஆகஸ்ட் 7-ம் தேதி முதலாவது கிசான் ரயில் தேவ்லாலியிலிருந்து பீகாரிலுள்ள தானாப்பூருக்குப் புறப்பட்டதே, அப்படிப்பட்ட சரக்குகளுக்காகத்தான். சாங்லிப் பக்கத்தில் உலர்த்திக் கிஸ்மிஸ் ஆக்கியும் விற்கிறார்கள். ஒயின் திராட்சைக்கு இந்த வழி ஒன்றும் கிடையாது. கொட்டையும் தோலுமாக இருப்பதை யார் வாங்கித் தின்பார்கள்? பழுத்த வாரத்தில் பறிக்காவிட்டால் சர்க்கரை ஏறிப் புளிப்பு இறங்கிவிடும். பறித்த சில மணி நேரத்தில் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு வியாபாரி, அவனும் இன்று வேண்டாம் என்றால் நாளை சரக்கு வீண். பேரம் பேச விவசாயிக்கு எங்கே இடம்?

இது கற்பனையான பயம் அல்ல. மகாராஷ்டிர சர்க்கார் 2001-ல் திராட்சை பதனத் தொழிலுக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. மாநிலத்துத் திராட்சையில் தயாரிக்கும் ஒயினுக்கு எக்சைஸ் வரி தள்ளுபடி செய்யப்பட்டது. நாசிக் மாவட்டம் விஞ்சூரிலும், சாங்லி மாவட்டம் பலூசிலும் ஒயின் பேட்டைகள் அமைந்தன. நாசிக்கில் 1999-ல் தொடங்கிய சூலா நிறுவனம் வளர்ந்த வேகத்தைப் பார்த்துப் பலரும் ஆலை வைத்தார்கள். விவசாயிகளும் தின்னும் திராட்சையை எடுத்துவிட்டு ஒயின் திராட்சை நட்டார்கள். நடச் சொல்லி உபதேசித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் குறைவே இல்லை.

2008 பிற்பகுதியில் உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்தது. நவம்பர் 26-ல் மும்பையில் பயங்கரவாதிகளின் தாக்குதல் நடந்தது. பெரிய ஓட்டல்கள் காலியாயின. ஓட்டல்களும் சுற்றுலாக்காரர்களும்தான் ஒயினுக்கு முதல் வாடிக்கையாளர்கள். விற்பனை படுத்தவுடன் ஆலைகளில் தொட்டி தொட்டியாக ஒயின் தேங்கியது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். துணி விற்கவில்லை என்றால் கிடங்கில் அடுக்கிவிட்டு மேற்கொண்டு நெய்யலாம். ஒயின் ஆலையில் சென்ற வருஷத்து ஒயின் தொட்டியை விட்டு வெளியேறினால்தான் இந்த வருஷத்துச் சாற்றை ஊற்ற இடம் உண்டு. ஆகவே புட்டி விற்காத நஷ்டம் ஆலையோடு நிற்பதில்லை. அடுத்த அறுவடையிலேயே விவசாயியின் களத்துக்கு வந்துவிடுகிறது. அதுதான் நடந்தது. ஆலைகள் வாங்குவதைக் குறைத்தன. சில வாங்கவே இல்லை. வாங்கியதற்குப் பணம் இழுத்தடிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் நுரை பொங்கும் ஒயின் தயாரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பெயர் வாங்கிய நாராயண்காவ் நிறுவனமே கடன் சுமையில் முடங்கிப் போயிற்று. 2009, 2010-ல் நாசிக் விவசாயிகள் பலர் தாங்கள் நட்ட ஒயின் கொடிகளைத் தாங்களே வேரோடு பிடுங்கி எறிந்தார்கள்.

பிரான்சிலும் பிடுங்குகிறார்கள். உலகெங்கும் ஒயின் குடிப்பது குறைந்து வருகிறது. 2024-ல் உலக நுகர்வு 1961-க்குப் பிறகு மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. புகழ்பெற்ற போர்தோ பிரதேசத்திலேயே தோட்டங்கள் மிஞ்சிவிட்டன. ஆனால் அங்கே 2023-ல் கொடியை எடுத்துவிடச் சம்மதித்த விவசாயிக்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். விற்காத ஒயினை வாங்கிக் காய்ச்சி, மதுவல்லாத காரியங்களுக்கு ஸ்பிரிட் ஆக்குவதற்கு அந்நாட்டுச் சர்க்கார் 20 கோடி யூரோ ஒதுக்கியது. நாசிக்காரன் தன் சொந்தக் கூலியில் பிடுங்கினான்.

வரிச்சலுகையோ தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒயின் மீதான 20 சதவிகித மதிப்புக் கூட்டு வரியில் 16 சதவிகிதத்தை ஆலைகளுக்கே திருப்பித் தரும் திட்டத்தை மகாராஷ்டிரம் நடத்தி வருகிறது. கூடாது என்று நாம் சொல்லவில்லை. புதுத் தொழிலுக்குக் கைகொடுப்பது சர்க்காரின் கடமைதான். ஆனால் திருப்பித் தரும் ஒவ்வொரு ரூபாயும் விவசாயியின் பெயரைச் சொல்லித் தரப்படுகிறது. அவன் பெயரைச் சொல்லி வாங்குகிறவர்கள் அவனுக்குக் கணக்கை முடித்துவிட்டார்களா என்று பார்த்துத் தருவதில் என்ன சிரமம்?

இதற்கு முன்மாதிரி தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. இதே மகாராஷ்டிரத்தில் கரும்பு இருக்கிறது. அதுவும் ஆலை ஒன்றையே நம்பிய பயிர்தான்; வெட்டினால் உடனே அரைத்தாக வேண்டும். அதனால்தான் 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. குறைந்தபட்ச விலையை மத்திய சர்க்கார் நிர்ணயிக்கிறது. சரக்குக் கொடுத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வருஷத்துக்கு 15 சதவிகித வட்டி. அப்படியிருந்தும் பாக்கி விழுகிறது என்பது வாஸ்தவம். ஆனாலும் கலெக்டரிடம் போய் நிற்கக் கரும்பு விவசாயியின் கையில் ஓர் உத்தரவாவது இருக்கிறது. ஒயின் திராட்சைக்கு அப்படி ஒரு விலையும் இல்லை, கெடுவும் இல்லை, வட்டியும் இல்லை. ஆலைக்காரர் எழுதிய ஒப்பந்தம் ஒன்றுதான். சந்தை நன்றாக இருக்கும் வருஷத்தில் அது போதும். நல்ல ஆலைகள் பல வருஷ ஒப்பந்தம் போட்டு, நாற்றும் ஆலோசனையும் கொடுத்து, பேசிய விலையைக் கொடுக்கவும் செய்கின்றன. கெட்ட வருஷத்துக்குத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது.

இனி புட்டியைப் பற்றி. "ஒயின் மதுவே அல்ல" என்று 2022-ல் பொறுப்பான இடத்தில் இருந்தவர்களே பேசினார்கள். இது உண்மைக்கு மாறானது மட்டுமல்ல, நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஆபத்தானதும்கூட. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 13 சதவிகித ஒயின் 750 மில்லி புட்டியில் சுத்த ஆல்கஹால் 97 மில்லிக்கு மேல். 42.8 சதவிகித விஸ்கி 'குவாட்டர்' 180 மில்லியில் 77 மில்லி. 5 சதவிகித பீர் பெரிய புட்டி 650 மில்லியில் 32 மில்லிக்குச் சற்று மேல். ஆக, ஒரு ஒயின் புட்டி ஒரு குவாட்டரை விடப் பெரிது. மூன்று பீருக்குச் சமம். மெதுவாகச் சாப்பாட்டோடு நாலு பேர் பகிர்ந்து குடிப்பது வேறு விஷயம். 'இது வெறும் பழரசம்' என்று ஒருவனே முழுப் புட்டியைக் காலி செய்வது வேறு விஷயம்.

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வகுத்து 2019 ஏப்ரல் 1 முதல் அமலாக்கிய விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. அரை சதவிகிதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எந்தப் பானத்தின் லேபிளிலும் போதை தராதது என்ற பொருள்படும் வார்த்தை கூடாது. உடம்புக்கு நல்லது என்று எழுதவும் கூடாது. ஆல்கஹால் எத்தனை சதவிகிதம் என்பதும், எச்சரிக்கை வாசகமும் இருந்தே தீர வேண்டும். லேபிளில் எழுதக் கூடாததை மந்திரிகள் மேடையில் பேசலாமா?

நம் வீடுகளிலும் சில நம்பிக்கைகள் உலவுகின்றன. பிள்ளை பெற்றவளுக்கு ஒயின் கொடுத்தால் ரத்தம் ஊறும், குமரிப் பெண் குடித்தால் நிறம் வரும் என்பவை அவை. ரத்தம் ஊறுவதும் இல்லை, நிறம் வருவதும் இல்லை. பால் கொடுக்கும் தாய் குடித்தால் ஆல்கஹால் பாலில் சேரும். அபாயமற்ற அளவு என்று ஒன்று கிடையாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

இந்த நம்பிக்கைகளை வைத்துப் பிழைப்பது பெரும்பாலும் 'போர்ட்' என்ற பெயரில் வரும் தித்திப்பு ஒயின்தான். அசல் போர்ட் என்பது போர்ச்சுக்கல் நாட்டில் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில், 1756-லேயே எல்லை வகுத்துக் காப்பாற்றிய பிரதேசத்தில் உண்டாவது. பாதி புளித்த சாற்றில் திராட்சை ஸ்பிரிட்டைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் செத்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். இங்கே கோவாவிலும் பிற இடங்களிலும் மலிவாகக் கிடைப்பது பெங்களூர் நீலத் திராட்சையிலும் தின்னும் ரகங்களிலும் தயாரித்து இனிப்பூட்டியது. அது பாவமொன்றுமில்லை. வாங்குகிறவனுக்கு எந்தத் திராட்சை, எந்த ஊர், சர்க்கரை சேர்த்ததா இல்லையா என்று தெரிய வேண்டும், அவ்வளவே. வெளிநாட்டிலிருந்து கொள்கலனில் மொத்தமாக வரும் ஒயினை இங்கே புட்டியில் அடைப்பதும் உண்டு. நாசிக் விவசாயிக்காக என்று சொல்லித் திறக்கும் கடை அலமாரியில் அதுவும் நிற்குமானால், நாசிக் திராட்சை எத்தனை சதவிகிதம் என்பதைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், மராத்தியிலும், போடச் சொல்ல வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. ஒயின் வெயில் தாங்காத சரக்கு. 12 முதல் 15 டிகிரி வரை அதற்கு உகந்தது. மே மாதத்தில் மின்விசிறிக்கடியில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அடுக்கிய கடையில் மூன்று மாதம் நின்ற புட்டி கெட்டே இருக்கும். ஆயிரம் சதுர அடி என்று நிபந்தனை போட்டவர்கள் குளிர்ச்சியைப் பற்றி நினைத்ததாகத் தெரியவில்லை. கார்க் இல்லாமல் திருகு மூடி போட்டிருந்தால் மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள்; அதில் ஒன்றுமில்லை. மலிவான வெள்ளை ஒயினை வருஷக்கணக்கில் பத்திரப்படுத்துவதால் விலையும் ஏறாது, ருசியும் ஏறாது.

வெளிநாட்டுப் போட்டி இப்போது கதவுக்குள் வந்தாகிவிட்டது. ஆஸ்திரேலியாவுடன் செய்த உடன்படிக்கை 2022 டிசம்பர் 29-ல் அமலாயிற்று. அதுவரை 150 சதவிகிதமாக இருந்த சுங்கவரி, 5 டாலருக்கு மேற்பட்ட புட்டிக்கு உடனே 100 ஆகவும் பத்து வருஷத்தில் 50 ஆகவும் இறங்கும். 15 டாலருக்கு மேற்பட்டதற்கு உடனே 75, பிறகு 25. இப்படி வரிச்சுவர் இறங்க இறங்க இங்குள்ள ஆலைகள் செலவைச் சுருக்கப் பார்க்கும். தொட்டியின் விலையைக் குறைக்க முடியாது, புட்டியின் விலையைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது திராட்சையின் விலை ஒன்றுதான். 2009-ல் ஓட்டல் காலியானதால் வந்த அடி, அடுத்த முறை இந்தத் திசையிலிருந்து வரக்கூடும்.

கம்பத்துக்காரர்களுக்கும் இதில் பாடம் உண்டு. அங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தின்னவும் ஆகும், சாறு பிழியவும் ஆகும், ஒயினுக்கும் ஆகும் என்பது அந்த ரகத்தின் அதிர்ஷ்டம். ஆலை வாங்காவிட்டால் மதுரைக்கும் கேரளாவுக்கும் கூடை ஏற்றி அனுப்பலாம். அதை வெட்டிவிட்டு ஒயினுக்கென்றே பிரெஞ்சு ரகம் நடும்படி யாராவது வந்து ஆசை காட்டினால், தமிழ்நாட்டில் ஒயினை வாங்கி விற்கும் ஸ்தாபனமும் டாஸ்மாக் ஒன்றுதான் என்பதை முதலில் யோசிக்க வேண்டும். ஒப்பந்தச் சாகுபடிக்கென்று 2019-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பதிவு செய்யாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவானேன்?

மகாராஷ்டிர சர்க்கார் மளிகைக் கடை ஃபைலை மறுபடி எடுக்குமானால், அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. ஒயின் திராட்சைக்குக் குறைந்தபட்ச விலையை, அக்டோபர் கவாத்துக்கு முன்பே, ஆலைகளையும் விவசாயிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து நிர்ணயிக்க வேண்டும். கரும்புக்கு உள்ளதைப் போல 14 நாள் கெடுவும் வட்டியும் எழுத வேண்டும். பாக்கி வைத்த ஆலைக்கு வரியைத் திருப்பித் தருவதை நிறுத்த வேண்டும். எந்தெந்த ஆலை எவ்வளவு சலுகை பெற்றது, எத்தனை விவசாயிகளிடம் எத்தனை டன் வாங்கியது, எவ்வளவு பாக்கி என்ற பட்டியலை வருஷந்தோறும் ஜூன் மாதத்துக்குள் நாசிக், சாங்லி கலெக்டர் ஆபீஸ்களில் மராத்தியில் ஒட்ட வேண்டும். அந்தப் பட்டியல் வெளிவந்த பிறகு கடையில் ஒயின் விற்பதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.